பிறந்தநாள் பூசை

அக்காவுக்கு,

அவரை விட்டுவிட்டுப் பிள்ளையோடு நான் சோரியாங்குப்பத்தில் இருப்பது உனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் உன்னைத்தான் கேட்கிறேன்.

நேற்று ஷெரினுக்குப் பிறந்தநாள். ஞாயிறு பூசை தொடங்கும் முன் யார் யாருக்காக இந்தப் பூசை என்று சாமியார் கருத்துகளை வாசித்தார். இறந்தவர்கள், நோயாளிகள் எல்லாம் முடிந்து, "பிறந்தநாள் காணும் மகள் ஷெரினுக்காக அவளுடைய அப்பா ஒப்புக்கொடுக்கும் திருப்பலி" என்றார். அவர் துபாயில் இருப்பதாகத்தானே இங்கே சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு விக்டோரியா குனிந்து, "இன்னாடி, உன் வூட்டுக்காரு எப்போ வந்தாரு? சொல்லவே இல்லியே" என்றாள்.

போன மாதம் நீ வந்தபோது உன் பின்னால் யாராவது வந்தார்களா? அவருடைய அம்மாவோடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாயா? மாதா மேல் சத்தியம் என்று நேற்று போனில் அழுதாய். அவரும்தான் சத்தியம் செய்தார், என் பல் உடைந்த மறுநாள்.

போனில் இனி கேட்க முடியாது. ஷெரின் பக்கத்திலேயே இருக்கிறாள்.

பெயரை வாசித்ததும் கோயிலே எங்களைத் திரும்பிப் பார்த்தது அக்கா. அவள் மட்டும் சிரித்துக்கொண்டே வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பூசை முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், அவள் எடுத்து விளையாடும் என் போனுக்கு லாக் போட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

நீதான் சொன்னாய் என்று ஒரு வரி எழுதிவிடேன், அக்கா. உன்னோடு பேசாமல்கூட என்னால் இருந்துவிட முடியும்.

உன் தங்கை