ஆற்றைக் கடக்காத தாத்தா

மார்ச் 3, செவ்வாய்

அண்ணன் போன் செய்தான். தாத்தாவின் போர்க்கால வரலாறு புத்தகமாக வரப்போகிறதாம். அட்டை அச்சாகிவிட்டது. அரங்கம் பதிவாகிவிட்டது. தலைமை தாங்க ஒரு ஓய்வுபெற்ற கர்னல் சம்மதித்துவிட்டார். உள்ளே எழுதுவது மட்டும்தான் பாக்கி.

"ஊர்ல இருக்கறவன் கதையெல்லாம் முப்பத்தஞ்சு வருஷம் எழுதினியே, நம்ம கதைய ஒரு நூறு பக்கம் எழுத மாட்டியா?"

"தெரிஞ்சது ஒரு பக்கம்தானே அண்ணா?"

"மீதி தொண்ணூத்தொம்பதுக்குத்தான் உன்னைக் கூப்பிடறேன்."

அந்த ஒரு பக்கம் இது: உலகப் போரில், குண்டு மழைக்கு நடுவே, தொலைபேசிக் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு தாத்தா ஆற்றை நீந்திக் கடந்தார். அக்கரையில் சிக்கியிருந்த இருநூறு பேர் பிழைத்தார்கள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் இதைப் பத்திரிகையில் எழுதியதே நான்தான். ஞாயிறு மலர், அரைப் பக்கம், படத்துடன்.

மார்ச் 10

ராணுவ ஆவணக் காப்பகம். பேனா கூடாது, பை கூடாது, தண்ணீர் கூடாது, பேசக் கூடாது. தூங்கலாம் போலிருக்கிறது, எதிர் மேஜைக்காரர் தூங்கினார். கோப்பு நாளைக்கு.

மார்ச் 11

கோப்பில் நான்கே தாள். சேர்க்கைப் படிவம். விடுவிப்புச் சான்று. மருத்துவ அறிக்கை: "மேல் முன்பற்கள் நான்கு இல்லை." கம்பியை எதால் கடித்தாரோ.

நான்காவது தாள், என் கட்டுரை. கத்தரித்து, ஒட்டி, முத்திரை குத்தி, எண் போட்டு வைத்திருந்தார்கள்.

காப்பக அலுவலர் குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்: "இதான் மேடம் முக்கியமான ஆதாரம். இதை வெச்சுத்தான் படைப்பிரிவோட நினைவுப் பலகையில அவர் பேரைச் சேர்த்தாங்க."

"எழுதினவங்க நம்பகமான ஆளா?"

"ரொம்ப சீனியர் மேடம்."

நல்லது.

மார்ச் 12

புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு நிருபரிடமும் நான் கேட்ட கேள்வி: "இதை இன்னொரு ஆள் உறுதிப்படுத்தினாரா?" அந்தக் கட்டுரைக்குக் கதை சொன்னது அப்பா. உறுதிப்படுத்தியது சித்தப்பா. சித்தப்பாவுக்குச் சொன்னது யார்? அப்பா.

மார்ச் 16

படைப்பிரிவின் அன்றாடப் பதிவேட்டில் அந்த நாள் அகப்பட்டது. "மாலை 4.40க்கு இணைப்பு மீண்டது. கம்பியுடன் ஆற்றைக் கடந்த சிப்பாய், திரும்பும்போது குண்டுபட்டு இறந்தார். வயது 23." பெயர் தெளிவாக இருக்கிறது. தாத்தாவின் பெயர் இல்லை.

தாத்தாவும் அதே நாளில் இருக்கிறார். அறுபது மைல் பின்னால், பண்டகசாலைப் பதிவில். "கம்பளிப் போர்வை 312 வந்தது. எலி கடித்தவை 14." கீழே அழகான கையெழுத்து. பதினாலையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார் மனுஷர். பேத்திக்கு அந்த வழக்கம் வரவில்லை.

மார்ச் 18

பத்திரிகை அலுவலக நூலகம். என் கட்டுரைக்கு வந்த கடிதங்களையும் கூடவே வைத்திருக்கிறார்கள். பாராட்டு பதினொன்று. பன்னிரண்டாவது ஒரு அஞ்சலட்டை.

"அந்த ஆற்றைக் கடந்தவர் என் அப்பா. நான் பிறந்த நாற்பதாம் நாள் சாவுச் செய்தி வந்தது. அவருடன் இருந்தவர் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. யாராவது வந்து பார்க்க முடியுமா?"

மூலையில் சிவப்பு மையில்: "குடும்பப் புலம்பல். பதில் வேண்டாம்."

என் எழுத்து. நானேதான். ஒரு பஸ் பிடித்துப் போய்ப் பார்க்க என்ன கேடு வந்தது எனக்கு? அப்படி என்ன தலைபோகிற வேலை?

மார்ச் 19

ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 21

அஞ்சலட்டையில் இருந்த முகவரிக்குப் போனேன். தையற்கடை. கார்டு எழுதிய அம்மா இன்னும் அங்கேதான். எண்பத்திரண்டு வயது. ஊசியில் நூல் கோத்துத் தர மட்டும் ஆள் வேண்டுமாம்.

"என்ன தைக்கணும்?"

"இல்லம்மா. பத்திரிகைக்கு நீங்க ஒரு கார்டு போட்டிருந்தீங்க..."

கத்தரியைக் கீழே வைத்தார். "ஒண்ணா? ஒம்பது போட்டேன்."

நான் யார் என்பதைச் சொன்னேன். சிவப்பு மையையும் சொன்னேன். மெஷினில் கிடந்த துணியை உருவி மடித்து வைத்தார். அப்புறம்: "உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், பாத்து."

கடிதத்தை எடுத்துக் காட்டினார். பதிவேட்டில் இருந்த அதே நேரம், அதே ஆறு. பல்லில் கடித்ததும் அதில் இருக்கிறது.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் அப்புறம் அழுதுக்கலாம். பலகையில எங்கப்பா பேர் வரணும். அதை நான் படிக்கணும். கண்ணு இந்த வருஷம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

மார்ச் 24

நினைவுப் பலகைக் குழுவின் செயலர்: "மாத்தலாம் மேடம். ஆனா ஏற்கெனவே இருக்கற பேரை எடுக்கணும்னா அந்தக் குடும்பத்து மூத்த வாரிசு கையெழுத்து வேணும்."

"சேர்க்கும்போது யார் கையெழுத்துப் போட்டாங்க?"

"அதான் பேப்பர்லயே வந்திருந்ததே!"

அப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. மூத்த வாரிசு அண்ணன். வாழ்க.

மார்ச் 25

அண்ணன் வீடு. எல்லாத் தாள்களின் நகலையும் மேஜையில் பரப்பினேன்.

"ஏண்டி, தோண்டறதுக்கு உனக்கு வேற குடும்பமே கிடைக்கலையா?"

அண்ணி புத்தக அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். "துப்பாக்கியோட நிக்கறாரே, இது?"

"ஸ்டூடியோ துப்பாக்கி அண்ணி. பின்னாடி மலை, அருவியெல்லாம் திரையில வரைஞ்சது."

"அப்ப எலியைத்தான் குறி பாக்கறார்."

அண்ணி சிரித்தாள். நானும். அண்ணன் எழுந்து நின்றான். "தாத்தாவைப் பொய்யர்னு ஊர் பூரா சொல்லணுமா? நான் கையெழுத்துப் போட மாட்டேன். கிளம்பு."

மார்ச் 30

அண்ணன் போன் எடுக்கவில்லை. ஆறாவது நாள். அரங்கப் பதிவை ரத்து செய்துவிட்டதாக அண்ணி சொன்னாள். கர்னல் நிம்மதியடைந்திருப்பார்.

ஏப்ரல் 2

நகல்களை அன்று அங்கேயே விட்டு வந்தேன். மறந்துபோய் என்று எழுத நினைத்தேன், நாட்குறிப்பிலாவது வேண்டாம். வேண்டுமென்றேதான்.

இன்று காலை அண்ணன் வந்து நின்றான். கையில் அஞ்சலட்டையின் நகல்.

"இந்த மூலையில... நீயா?"

"ஆமா."

"தாத்தா தன் வாயால இந்தக் கதைய சொல்லி நீ கேட்டிருக்கியா?"

"ஒரு தடவைகூட இல்ல. எல்லாம் அப்பா சொன்னதுதான். ஆத்தைக் கடந்த அந்த ஆளைப் பத்தி தாத்தா எப்பவாவது சொல்லியிருப்பார், அப்பா ஆளை மாத்திட்டார்னு நினைக்கறேன். அதுக்கு ஆதாரம் கிடையாது."

"அப்ப தாத்தா பொய் சொல்லலை."

"சொல்லலை."

"அதை எழுது. தாத்தா சொல்லலை, விசாரிக்காம அச்சடிச்சது நான், கேட்டு வந்த பொம்பளைய வாயடைச்சதும் நான்னு உன் பேரைப் போட்டு எழுது. ரெண்டு வரி இல்ல. அதே அரைப் பக்கம். வந்த அன்னிக்குக் கையெழுத்து."

இத்தனை வருஷத்தில் எந்த ஆசிரியரும் எனக்கு இவ்வளவு துல்லியமாக வேலை கொடுத்ததில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

வந்துவிட்டது. அரைப் பக்கம். கேட்காமலே என் படத்தையும் போட்டிருக்கிறார்கள். கூட வேலை பார்த்த ஒருவர் கூப்பிட்டு, "நல்லா வந்திருக்கு, உங்க பழைய பாணி" என்றார். பழைய பாணிக்குத்தானே திருத்தம்.

மாலையில் அண்ணி படிவத்தைக் கொண்டுவந்தாள். கையெழுத்துப் போட்டிருந்தான். கூடவே அச்சான புத்தக அட்டை ஒரு கட்டு. "பின்பக்கம் காலியா இருக்காம். குறிப்பெடுக்க வெச்சுக்கச் சொன்னார்."

மே 6, புதன்

நினைவு மண்டபம். தையற்கடை அம்மாவை அண்ணனே காரில் அழைத்துவந்தான். என்னைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டான்.

அவர் முகத்தைப் பலகையோடு ஒட்டி வைத்துக்கொண்டு அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். இரண்டு தரம். பிறகு கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். மேலே உள்ள பெயரை அளந்தார். அப்பாவுடையதை அளந்தார். கீழே உள்ளதை அளந்தார்.

"எங்கப்பா பேருல மட்டும் எழுத்து கால் அங்குலம் சின்னதா இருக்கு."

செயலர் நெளிந்தார். "இடம் அவ்வளவுதாம்மா. பார்த்தா தெரியாது."

"தெரியாதா?" அண்ணன் முன்னால் வந்துவிட்டான். "இதே இடத்துல எங்க தாத்தா பேரு இருந்துச்சு. இதைவிட நீளம். அதுக்கு இடம் இருந்துச்சு, ஆத்துல செத்தவருக்கு இல்லையா? யாருய்யா செதுக்கினது, கூப்பிடு!"

வேறு கல்லில், சரியான அளவில், இந்த மாதத்துக்குள் செதுக்குவதாகச் செயலர் எழுதிக் கொடுக்கும்வரை அவன் நகரவில்லை. மண்டபம் முழுக்க அவன் குரல்தான்.

அந்த அம்மா நாடாவைச் சுருட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"உங்க அண்ணன் பட்டாளத்துல இருந்தவரா?"

"இல்லம்மா. டயர் கடை வெச்சிருக்கார்."