மை தீர்ந்ததும் எழுது

சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரம்
11 ஜூன் 2023

அன்புள்ள ஜெயந்த் அவர்களுக்கு,

'அவர்களுக்கு' வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். கை வரமாட்டேன் என்கிறது.

பார்சல் கிடைத்தது, மைப்பேனாவும் ஆறு கார்ட்ரிட்ஜ் கொண்ட பெட்டியும். வேலை பார்க்கும் பாத்திரக் கடைக்கு வரும் தபாலை நானே வாங்குவதால் கடை முகவரி கொடுத்தது நல்லதாயிற்று. வீட்டில் என் போனைத் தம்பி தங்கபாண்டி தினமும் வாங்கிப் பார்க்கிறான். முதலாளி அண்ணாச்சி மட்டும் ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஜெர்மனிக்காரன் நம்மகிட்ட இட்லிச் சட்டி கேட்டு எழுதுதானா?" என்றார். கூட்டுக்காரி ஒருத்தி அங்கே நர்ஸ் என்று சொல்லிவிட்டேன்.

மை அடைத்து வரும் இந்தச் சின்னக் குழாயை, கார்ட்ரிட்ஜை, இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். பேனாவில் வைத்து அழுத்தியதும் அதன் வாயை அடைத்திருந்த குண்டு 'டிக்' என்று மைக்குள் விழுந்தது. எதையோ உடைத்துவிட்டேன் என்று பயந்துபோனேன். காதருகே வைத்து ஆட்டினால் உருளுகிறது.

பெட்டியின் மேல் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். "இந்த ஆறும் தீர்வதற்குள் அம்மாவிடம் நம் கல்யாணத்தைப் பற்றிப் பேசிவிடுவேன். கடைசியும் தீர்ந்ததும் எழுது." இனி கடைக் கணக்கைக்கூட இதிலேதான் எழுதுவேன், பெரிய பெரிய எழுத்தாக.

உங்கள்
ஆவுடைத்தாய்


ஸ்டுட்கார்ட்
9 ஜூலை 2023

பிரியமுள்ள ஆவுடை,

உன் கடிதத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்து வரிகூட இல்லை. இப்படி எழுதினால் என் கதி என்ன ஆவது?

இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்தப் பேனாவில்தான் எழுதுகிறார்கள். மளிகைக் கடையில் பிஸ்கெட்டுக்குப் பக்கத்தில் கார்ட்ரிட்ஜ் தொங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் பழவங்காடி ஆடிட்டர் ஆபீஸ் ஞாபகம் வருகிறது. பயிற்சிக்கு வந்த புதிதில், என்னிடம் பேனா இரவல் கேட்க வெட்கப்பட்டு நீ பென்சிலால் வவுச்சர் எழுதினாயே!

அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகம். கொஞ்சம் தணியட்டும். இப்போது எதைப் பேசினாலும் அழுகிறாள்.

அன்புடன்
ஜெயந்த்


சாலை
2 நவம்பர் 2023

அன்புள்ள ஜெயந்த்துக்கு,

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? போன இரண்டு கடிதங்களிலும் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

வள்ளியூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறாராம். அப்பா ஹோட்டலில் பரோட்டா போட்டுவிட்டு வந்த கையோடு, மாவு வாசனை போகாத விரலால் போட்டோவை நீட்டினார். "படிச்ச புள்ள, நீயே பாரு தாயி. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லு. ஆனா காரணம் சொல்லணும், கேட்டியா?" என்றார். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணிடமும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. காரணம் என்னிடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் பேசாமல் நான் அதை எப்படிச் சொல்வேன்?

பேனாவில் இருப்பது கடைசிக் கார்ட்ரிட்ஜ். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், பாதிதான் இருக்கிறது. என் எழுத்து சிறுத்துப்போனதைப் பார்த்திருப்பீர்கள். தீரக் காத்திருந்தவள், இப்போது தீர்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து எழுதுகிறேன். ஏன் என்று தெரியவில்லை.

உங்கள்
ஆவுடைத்தாய்


ஸ்டுட்கார்ட்
26 நவம்பர் 2023

பிரியமுள்ள ஆவுடை,

இதற்கா இவ்வளவு கவலை! காலிக் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போடாதே. வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம். நானும் இங்கே அப்படித்தான் செய்கிறேன்.

மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரிஞ்ச் வாங்கு. ஊசி முனையைத் தரையில் தேய்த்து மழுக்கிவிடு, கையில் குத்தாது. கார்ட்ரிட்ஜைத் தண்ணீரால் நன்றாகக் கழுவு, நீலம் போகிறவரை. வாய் கீழாக வைத்துக் காயவிடு. பிறகு ஒரு பாட்டில் மை வாங்கி, ஊசியை அடிவரை விட்டு மெல்ல நிரப்பு. அவசரப்பட்டால் குமிழி வந்து பொங்கும். விளிம்புவரை நிரப்பாதே. பழைய மைக்குமேல் வேறு மையை ஊற்றாதே, கட்டிதட்டிப் போகும்.

ஒரு பாட்டில் வருஷக்கணக்கில் வரும். இனி தீரவே தீராது, பார்!

இங்கே பனி தொடங்கிவிட்டது. வேலை நெரிக்கிறது.

அன்புடன்
ஜெயந்த்


சாலை
4 பிப்ரவரி 2024

அன்புள்ள ஜெயந்த்துக்கு,

உங்கள் கடிதத்தில் வள்ளியூரைத் தேடினேன். ஒரு பக்கம் முழுக்க மை நிரப்புவதுதான் இருந்தது. சொன்னபடியே செய்தேன்.

பழவங்காடி மெடிக்கல் ஷாப்பில் சிரிஞ்ச் கேட்டபோது அந்தச் சேட்டன், "ஆர்க்கா?" என்றார். வாய் தவறிப் "பேனாவுக்கு" என்றுவிட்டேன். "பேனய்க்கு எந்தா அசுகம்?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். பேனாவுக்கு என்ன நோய் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

இப்படி நிரப்பி நிரப்பியே ஒரு மாதக் கடைக் கணக்கு எழுதிவிட்டேன். ஆனால் ஒன்று நீங்கள் சொல்லவில்லை. கழற்றிக் கழற்றிப் பொருத்தியதில் கார்ட்ரிட்ஜின் வாய் அகன்றுவிட்டது. பிடி நிற்கவில்லை. எழுதும்போதே மை கசிகிறது. இந்தத் தாளில் கறை பட்டதற்கு மன்னிக்கவும்.

போன வியாழக்கிழமை உங்கள் அம்மா கடைக்கு வந்தார்கள். பில்லுக்குப் பெயர் கேட்டபோது "ஜெயலக்ஷ்மி, ஸ்ரீவராகம்" என்றதும் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. முழங்கால் வலி ஒன்றும் தெரியவில்லை. மாடிப்படி ஏறிப் போய் டபரா செட் பார்த்தார்கள்.

"கையெல்லாம் என்னடி மோளே நீலம்?"

"பேனா ஒழுகுது மாமி."

"தமிழா? எந்த ஊர்?"

"அப்பாவுக்குச் சங்கரன்கோவில் பக்கம்."

"அதான், பேச்சுலயே தெரியறது. நல்லதா எடுத்துக் குடு. பொண்ணாத்துக்காரா ஞாயித்துக்கிழமை வரா. எம்பிள்ளை ஜெர்மனியிலே இருக்கான், கேட்டோ. போட்டோ அனுப்பிச்சு, 'பிடிச்சிருக்காடா'ன்னு கேட்டா, 'உன் இஷ்டம்மா'ங்கறான். பசு மாதிரிக் குழந்தை."

ஆறு செட் டபராவையும் நானே துடைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

'உன் இஷ்டம்மா' என்று நீங்கள் சொன்னது உண்மையா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஆவுடைத்தாய்


ஸ்டுட்கார்ட்
25 பிப்ரவரி 2024

ஆவுடை,

அம்மா அங்கே வந்தாளா? நீ யார் என்று சொல்லவில்லைதானே? என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொண்டிருக்க மாட்டாய். நீ புத்திசாலி.

எல்லாவற்றையும் கடிதத்தில் விளக்க முடியாது. கொஞ்சம் பொறு.

கார்ட்ரிட்ஜ் ஒழுகுவதற்கு ஒரு வழி இருக்கிறது. இத்துடன் கன்வெர்ட்டர் வைத்திருக்கிறேன். இதன் பின்பக்கத்தைத் திருகினால் பாட்டிலிலிருந்து தானே மை உறிஞ்சும். கார்ட்ரிட்ஜே வேண்டாம். சிரிஞ்சும் வேண்டாம்.

ஜெயந்த்


சாலை
17 மார்ச் 2024

ஜெயந்த் அவர்களுக்கு,

இதைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதுகிறேன்.

கன்வெர்ட்டர் கிடைத்தது. திருகிப் பார்த்தேன், நன்றாக உறிஞ்சுகிறது. அதைப் பொருத்தினால் தீர்வது என்ற பேச்சே இல்லை என்று புரிந்தது. நவம்பரில் சிரிஞ்ச் வாங்கச் சொன்னபோதே புரிந்துதான் இருந்தது. ஆனாலும் போய் வாங்கினேன்.

உங்கள் அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பயப்பட வேண்டாம்.

அப்பாவிடம் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை. வள்ளியூர்க்காரர்களுக்குச் சம்மதம் சொல்லியாயிற்று. அப்பா, "படிப்ப விட்றாத தாயி, அங்கயும் ஏதாச்சும் வேல பாரு" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று அந்தக் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, நீங்கள் சொன்னபடியே நீலம் போகிறவரை கழுவினேன். இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. குண்டு மட்டும் உள்ளே கிடந்து உருளுகிறது. கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். உள்ளே போன வழியில் அது வெளியே வரமாட்டேன் என்கிறது.

தீர்ந்ததும் எழுதச் சொன்னீர்கள். கடைசியும் தீர்ந்துவிட்டது. எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் கடைக்கு வரும் தபாலை அண்ணாச்சிதான் பிரிப்பார்.

இப்படிக்கு
ந. ஆவுடைத்தாய்