பூசை அறையில் சில்வண்டு

அக்கா,

அந்தப் பெண்ணின் காலில் சப்பாத்து இல்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன். முந்தின படங்களில் எல்லாம் போட்டிருந்தாள். இதில் உப்பைக் கொட்டி வைத்ததுபோல வெள்ளையாகக் கிடந்த தரையில் வெறுங்காலோடு நின்றாள். எதிரே கதவு சாத்தியிருந்தது.

தொலைந்துபோய்விட்டது என்று நீ சொன்ன ஐந்தாவது படம், உன் தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. அம்மா பெட்டியைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். இன்று சாயங்காலம் நான்தான் திறந்தேன். பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவிடம் பருத்தி வாங்க வந்த புதுச்சேரி வியாபாரி உனக்குக் கொடுத்த தபால் அட்டைகள் அவை. பிரெஞ்சுக்காரர் ஊரில் போட்டோ பிடித்து, கன்னத்துக்கும் பூவுக்கும் மட்டும் சாயம் தீட்டியிருந்தார்கள். இரண்டு பெண்கள் வேஷம் கட்டி ஒரு கதையை நடித்திருந்தார்கள். ஒருத்தி சில்வண்டு, ஒருத்தி எறும்பு. முதல் படத்தில் சில்வண்டு பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து குட்டை வீணை போல ஒன்றை மீட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“கையில வீணை, சுத்தியும் பூவு. சரசுவதி இல்லாம வேற ஆரு?”

“ஏனுங்கம்மா, சரசுவதி கவுனு போட்டுட்டா வருவா?” என்றாய்.

“அவிய ஊருல அப்படித்தான் உடுத்துவா. நீ வாய மூடு.”

நீ தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய். படத்துக்குக் கண்ணாடி போட்டுப் பூசை அறையில் மாட்டினார்கள். அன்றிலிருந்து அப்பா திருநீறு பூசிக்கொண்டு அவள் முன்னால்தான் நிற்கிறார்.

நாலாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு மீதிக் கதையை நீதான் சொன்னாய். வெயில் காலமெல்லாம் எறும்பு தானியம் சேர்த்தாள், சில்வண்டு பாடினாள். குளிர் வந்ததும் பசி தாங்காமல் போய் எறும்பின் கதவைத் தட்டினாள். அது நாலாவது படம். அடுத்ததைக் கேட்டேன்.

“அது எங்கியோ தொலஞ்சுபோச்சு கண்ணு. எறும்பு கதவத் தொறந்து, உள்ள வா சாமி, கம்பஞ்சோறு தின்னுபோட்டுப் பாடுன்னு சொல்லிப்போட்டா. அவ்வளவுதான்.”

நான் அதை நம்பினேன். அதனால்தான் போன வைகாசியில், மதுக்கரையிலிருந்து தனியாகப் பஸ் ஏறி, மழையில் நனைந்துகொண்டு நீ வாசலில் வந்து நின்றபோது, நான் உள்ளே ஓடிப்போய் உனக்கு வட்டலில் சோறு போட்டு வைத்தேன்.

“ஏனுங்கப்பா, அங்க என்னால இருக்க முடியலீங்க. கதவத் தொறங்க.”

அப்பா கோபப்படவில்லை. தாழ்ப்பாள் மேல் கை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

“கட்டிக்குடுத்த புள்ள கூப்புடாம வந்தா ஊரு என்ன பேசும்? ஆடி நோம்பிக்கு நாங்களே வண்டி கட்டிட்டு வந்து சீரோட கூட்டியாரோம். மழ உட்டதும் போயிரு சாமி.”

நான் நின்ற இடத்திலிருந்து ஜன்னல் வழியாக உன் கால் மட்டும்தான் தெரிந்தது. கணுக்கால் வரைக்கும் சேறு. கொஞ்ச நேரம் கழித்து அதுவும் தெரியவில்லை.

ஆடிக்கு முன்னால் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நோம்பிக்கு உன்னை ஏற்றிவர வேண்டிய வண்டியில் இந்தப் பெட்டி வந்தது.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை அக்கா. கதவு திறக்கும் என்று நம்பியவள் நான். திறக்காது என்பதைப் படமாகவே பெட்டிக்குள் வைத்திருந்த நீ, எப்படி அத்தனை தூரம் வந்து தட்டினாய்?

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். நான் பூசை அறைக்குப் போய்ச் சரசுவதியைக் கீழே இறக்கி, பின்பலகையின் ஆணிகளைப் பெயர்த்தேன். வீணைக்காரியை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் இருந்த இடத்தில் ஐந்தாவது படத்தை வைத்து, பழைய இடத்திலேயே மாட்டினேன். அந்த வெறுங்கால் மறையும் என்பதால் மாலை போடவில்லை.

வாசலில் அப்பா கால் கழுவும் சத்தம் கேட்டது. யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறவள்தான் நான். விளக்கை ஏற்றி, திரியைத் தூண்டிவிட்டு, படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.