இடக்கன்னம், வலக்கன்னம்

12.02.1992, புதன்
மூடலான காலை. மழை இல்லை. என் இடக்கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் தடிப்பு. புற்றோ என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு வெட்டினார்கள். முடிவு அடுத்த புதன். முப்பது வருட வெற்றிலை, புகையிலை. "உடனை நிப்பாட்டுங்கோ" என்றார் டொக்டர். நிறுத்தினேன், இடப்பக்கம். இப்போது வலக்கன்னத்தில் அடக்குகிறேன். ஒரு றோட்டைப் பூட்டினால் மற்ற றோட்டால் போவதில்லையா?

14.02, வெள்ளி
மனைவி கமலாவின் தம்பி நந்தன் பருத்தித்துறையிலிருந்து சைக்கிளில். விலங்கியல் வாத்தியார். புற்று எப்படி வருகிறது என்று கேட்டது என் பிழை.
"அத்தான், உடம்பிலை எல்லாக் கலத்துக்குள்ளையும் ஒரே அலுமாரிதான், இழுக்கிற லாச்சி ஒவ்வொண்டிலையும் ஒரு பரம்பரை அலகு. எந்த லாச்சி பூட்டு, எந்த லாச்சி திறப்பு எண்டதுதான் வித்தியாசம். புற்றிலை அது தலைகீழாப் போகும்."
"அப்ப பூட்டைத் திறந்தாச் சரிதானே?"
"அது இன்னும் ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. அதோடை நிறமூர்த்தமும், அந்த அலுமாரியே, உடையும். கலம் பிரியேக்கை ஒண்டுக்குக் கூடப் போகும், மற்றதுக்குக் குறையப் போகும்."
அச்சுவேலியில் சித்தப்பாவின் பிள்ளைகள் காணி பிரித்த மாதிரி. இன்னும் வேலிச் சண்டை. அதுவா என் கன்னத்துக்குள்? எது முதல், பூட்டா, உடைவா என்று கேட்டேன்.
"அதிலைதான் படிச்ச ஆக்களுக்கும் சண்டை."
என் பங்குப் பனங்கட்டியையும் கடித்துவிட்டுப் போனான். தலை சுற்றுகிறது. வெற்றிலை போட்டேன். வலப்பக்கம்.

17.02, திங்கள்
வெயில். புண் காந்துகிறது. சங்கக்கடை வரிசையில், பின்னால் நான் நிற்பது தெரியாமல் இரண்டு பேர்:
"உவருக்கு வாயிலை புற்றாமெல்லே?"
"உந்த வாய்க்கு வராமல் வேறை ஆரின்ரை வாய்க்கு வாறது?"
நல்ல பகிடி. நான் சொல்லியிருக்க வேண்டியது. வீட்டில் கமலாவுக்குச் சொன்னேன். சிரித்தாள். கிணற்றடிக்குப் போய்வந்தபோது அவள் கண் சிவப்பு. எனக்கும் பயம்தான். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

19.02, புதன்
டொக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். வலப்பக்கம் ஒரே சிவப்பு.
"நிப்பாட்டச் சொன்னனான் எல்லே?"
"இடப்பக்கம் நிப்பாட்டிட்டன்."
"ஐயா, வாய் ஒண்டுதானே!"
முடிவு: புற்று இல்லை. ஆனால் கலங்கள் ஒழுங்காகவும் இல்லை. சப்புவதை விட்டால் திரும்பலாம். விட்டாலும் திரும்பாமல் புற்றாகலாம். எது என்று அவருக்கும் தெரியாது. மூன்று மாதத்தில் இன்னொரு துண்டு, இரண்டு கன்னத்திலும்.
வீட்டு வாசல் படலையடியில் கமலா.
"நல்ல சேதியோ, கெட்ட சேதியோ?"
இரண்டுக்கும் சேர்த்து "ஓம்" என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன். குசினிக்குள் போனாள். மத்தியானம் ஒடியல் கூழ். எப்போதும் வாயை எரிக்கும். இன்று உறைப்பே போடவில்லை.