டேஷ்போர்டுக் கள்ளன்

டீச்சரம்மா,

நாலு மாதமாகக் காருக்குள் கடகடத்த கள்ளன் காலையில் பிடிபட்டான். டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றி டார்ச் அடித்தேன். ஏசி குழாய் இடுக்கில், முன்கண்ணாடி ஓரமாக உள்ளே விழுந்த உன் தலை கிளிப்! எடுத்துவிட்டுத் தெருக்கோடி வரை ஓட்டினேன். சத்தமே இல்லை.

அங்கேதான் எனக்குக் குப்பென்று வியர்த்தது. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான் இந்த ஊருக்கு மாற்றல் வாங்கியதிலிருந்து, காரில் நாம் பேசுவது ரெண்டே வரி. "கேக்குதா?" என்பேன். "உங்க பக்கம்தான்" என்பாய். இனி அதுவும் கிடையாது. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் தினம் ஒரு மணி நேரம், வாயை மூடிக்கொண்டு நாம் இரண்டு பேர். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

இன்று நான் பஸ்ஸில் போகிறேன். சாவி ஃப்ரிட்ஜ் மேலே. பால் காய்ச்சியாகிவிட்டது. சாயங்காலம் ஆபீஸ் வாசலில் என்னை ஏற்றிக்கொள்.

பி.கு: கிளிப்பும் சாவி பக்கத்தில்தான். என்னைத் திட்ட மனசு வந்தால் தலையில் குத்திக்கொண்டு வா. மனசு வராவிட்டால் நான் எடுத்த இடுக்கிலேயே போட்டுவிடு. "கேக்குதா?" என்று நானே ஆரம்பிக்கிறேன்.

இன்னொன்று: அது உன் பக்கம்தான் இருந்தது. தப்பு மட்டும் என் பக்கம்.