என் கை எந்தப் பக்கம்

1962, ஆடி மாதம், வியாழக்கிழமை

கல்லூரி ஊழியர்களுக்கு வைத்தியச் செலவு கொடுப்பது பற்றி இன்று கமிட்டி கூடியது. இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்றில் ஆசிரியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் மட்டும் சேரலாம். மற்றதில் ஹாஸ்டல் சமையல்காரர் வரை எல்லா ஊழியரும் உண்டு, குடும்பத்தார் கிடையாது. கமிட்டி சரிபாதியாகப் பிரிந்தது. கடைசியில் ஆசிரியனான நான் இரண்டாவதற்குக் கை தூக்க, அதுவே முடிவாயிற்று.

என் மனைவி செண்பகத்துக்குச் சாரல் தொடங்கியதிலிருந்து மூச்சு இழுப்பு. மேலகரத்து வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன்.

"அப்பம் எனக்குக் கிடையாதா?"

"கிடையாது."

"நான் அங்கன இருந்தாலும் அதுக்குத்தான் கை தூக்கியிருப்பேன். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றாள்.

கேட்டிருக்கலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இப்போது சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறாள். எனக்குப் படுக்க மனம் வரவில்லை.