மஹதிக்கு நீ அனுப்பிய பணம்

பாலவாக்கம்,
ஞாயிறு காலை.

சிரஞ்சீவி ஷ்ரவணுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நான் சௌக்கியமாக இருக்கிறேன். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய் என்று நானாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன், உன் வாயால் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்குப் போனில் நான் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். அதன் பிறகு கூப்பிட்டால் மணி அடிக்கிறது, நின்றுபோகிறது. வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறாய். அதனால்தான் காகிதம். நேற்றே தபாலாபீஸில் போய் விசாரித்தேன். டென்மார்க்குக்கு லெட்டரா, பையன் போன் எடுக்கலியாம்மா என்று அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் ஹைகோர்ட்டில் எனக்கு விடுவிப்பு உத்தரவு ஆகிவிட்டது. இனி நான் திவாலானவள் இல்லை. இருந்ததை விற்று, வந்ததை எல்லோருக்கும் பங்கு போட்டாயிற்று, மீதியைக் கேட்டு யாரும் என் வாசலில் நிற்க முடியாது. வக்கீல் ஸ்ரீரங்கன், மாமி, இனிமே ராத்திரி நிம்மதியாத் தூங்குங்கோ என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்கு ஓடினார். நான் படி இறங்கினேன். சொல்வதற்கு ஆள் இல்லை. பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவளிடம் சொல்லலாமா என்று தோன்றியது, அவள் காதில் ஒயர். மயிலாப்பூர் வந்தது, போயிற்று. இறங்கவில்லை. இறங்கினால் எந்தத் தெருவில் நடப்பது. திருவான்மியூரில் இறங்கி பஸ் பிடித்து அறைக்கு வந்து மோர் சாதம் சாப்பிட்டேன்.

இந்த அறை மாடியில். கீழே வீட்டுக்காரி கெங்கம்மா, மீன் விற்கிறவர். குடிவந்த அன்றைக்கே, ஐயரம்மா, நம்ம வூட்ல கவுச்சி வாடை வந்துகினேதான் இருக்கும், அப்பால வந்து மூக்கைப் புடிக்கக் கூடாது, இன்னா என்று சொல்லிவிட்டார். ஜன்னலைத் திறந்தால் மீன், மூடினால் சுவர். பழகிவிட்டது. தினமும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, புள்ள பேசிச்சா என்று கேட்பார். பேசினான் என்று சொல்லிவிடுவேன். இன்னா சொல்லிச்சு என்பார். அங்கே பனி என்பேன்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூட அதை முதலிலிருந்து கடைசிவரை பேசியதில்லை. மயிலாப்பூரில் நாட்டிய உடையும் நகையும் வாடகைக்குக் கொடுக்கும் கடை, அதுமட்டும் இருந்தவரை ஓடியது. பெண்கள் பெயரில் என்றால் வட்டி குறைவு என்று அப்பா கடனை எல்லாம் என் பெயரில் வாங்கினார், பத்ரிநாராயணன் என்று எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் விசாலாக்ஷி. தி.நகரில் இரண்டாவது கடை போட்டார். அடுத்த வருடமே தொற்றுநோய் வந்து ஊரையே அடைத்தார்கள், ஒரு சலங்கைச் சத்தம் இல்லை. இரண்டு கடைக்கும் வாடகை மட்டும் ஓடியது. பிறகு அப்பாவும் போய்விட்டார். கையெழுத்து என்னுடையது, அதனால் எல்லோரும் என்னிடம் வந்தார்கள். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாம் என்று முடிவானபோது நீ போனில் அழுதாய். அந்த வார்த்தையே உனக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான். சின்ன வயதில் நான் அதை ஒரு வசவாகத்தான் கேட்டிருக்கிறேன், அவன் மஞ்சக் கடுதாசி கொடுத்தவன் என்று சொல்லும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். நான் கையெழுத்துப் போட்ட காகிதம் மஞ்சளே இல்லை ஷ்ரவண். வெள்ளை.

ஏலத்தன்று சாமான்களைத் தூக்க வந்தவர்களில் ஒருவர் பள்ளிக்கூட நாடகத்துக்கு நாம் செய்து வைத்திருந்த ராவணன் தலைகளை மாட்டிக்கொண்டு, டேய், பத்து வாய்க்கும் சேத்து டீ வாங்கினு வா என்று கூவினார். எல்லோரும் சிரித்தார்கள். ஒட்டுப்போட்ட அட்டைத் தலைகள். அப்பா ஒட்டியவை. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

இனி மஹதி விஷயம். இதை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும். திவால் என்று ஆன பிறகு நம் சொத்து நம் கையில் இல்லை, அஃபிஷியல் அசைனி என்கிற அதிகாரியின் கைக்குப் போய்விடுகிறது. அவர் விற்று, கடன் கொடுத்த எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் பங்கு வைக்கிறார். வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. யாருக்காவது நாம் மறைவாக முழுப் பணமும் கொடுத்தால் அது தப்பு. மஹதி யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தவள். நாட்டிய வகுப்பு நடத்திச் சேர்த்ததை எடுத்து வந்து, கடைக்கு வெச்சுக்கோடி என்று கொடுத்தவள். கடன்காரர்கள் வரிசையில் அவள் பெயர் பேங்குக்குக் கீழே, வேன்கார ஆண்டனிக்கு மேலே. நோட்டீஸ் கிடைத்ததும் நேரே வந்தாள். ஏண்டி விசாலம், உனக்கு பேங்க்காரனும் நானும் ஒண்ணாடி என்றாள். சட்டத்துக்கு ஒண்ணுதான் என்றேன். நான் சட்டத்தைக் கேக்கலே, உன்னைக் கேக்கறேன் என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு காலை நடைக்குத் தனியாகப் போனேன். பிறகு போவதையே விட்டுவிட்டேன்.

நான் இதை உன்னிடம் அழுதது வாஸ்தவம். நீ அதைக் கேட்டுக்கொண்டாய். அடுத்த வாரம் அவளுக்கு முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டாய், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் மாமி என்று. அன்பினால் செய்தாய். எனக்குத் தெரியும். ஆனால் மஹதியின் வாயில் எது நின்றிருக்கிறது, அவள் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுவிழாவுக்கு ஏற்றிப்போக வந்த ஆண்டனியிடம், பாத்தேளா, எங்க ஷ்ரவண் அனுப்பிட்டான் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். டிசம்பரில் என் விடுவிப்பு மனு வந்தபோது ஆண்டனி எழுந்து நின்றார். சார், இந்தம்மாகிட்ட துட்டே இல்லேன்றாங்கோ, அவங்க பிரண்டுக்கு மட்டும் பாரின்லேர்ந்து புல்லா செட்டில் ஆயிட்ச்சு, வேன் ஓட்டனவனுக்கு மட்டும் நாமமா என்றார். நாமம் என்ற சொல்லுக்குக் கூடத்தில் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதிகாரி என்னைப் பார்த்து, பணத்தை முன்கூட்டியே பையன்கிட்ட அனுப்பி வெச்சிருக்கீங்களா என்று கேட்டார். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இல்லை என்றேன். இல்லை என்பதை எப்படிக் காட்டுவது. மனுவைத் தள்ளி வைத்தார்கள். வெளியே ஆண்டனி வந்து, கோச்சிக்காதம்மா, எனக்கும் வூட்ல கேக்கறாங்கோ இல்ல என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அந்தக் கோபத்தை எல்லாம் அன்று சாயங்காலம் உன் மேல் கொட்டினேன்.

பிறகு ஸ்ரீரங்கன், உன் சம்பளக் கணக்கு, பேங்க் விவரம் எல்லாம் அங்கிருந்து வர வேண்டும், அது உன் பணம்தான் என்று நீ பிரமாணம் எழுதித் தர வேண்டும் என்றார். நீ போன் எடுக்கவில்லை. அவருடைய மெயிலுக்கும் பதில் இல்லை. பையன் வேலையாக இருப்பான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறையும் தள்ளிப்போனால் விடுவிப்பே சந்தேகம் என்றார்.

மஹதி வந்தாள். நான் கூப்பிடவில்லை. ஆண்டனி அவளிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறார், அப்போதுதான் அவளுக்கு நடந்தது தெரிந்திருக்கிறது. ஸ்ரீரங்கனைத் தானே தேடிப் போய், ஷ்ரவண் தன் பணத்திலிருந்து தானாக அனுப்பினான், விசாலாக்ஷிக்குத் தெரியாது என்று, நீ அனுப்பியபோது அவளுக்கு எழுதிய செய்தியையும் சேர்த்துப் பிரமாணமாக எழுதிக் கொடுத்தாள். பணத்தையும் உனக்கே திருப்பிவிட்டாள். உன் கணக்கில் வந்திருக்கும், பார்த்திருப்பாய். வியாழக்கிழமை கூண்டில் நின்று, எனக்கு மட்டும் தனியா வேண்டாம் சார், எல்லாருக்கும் என்ன வரதோ அதே வரட்டும் என்று சொன்னாள். ஆண்டனி தலையை ஆட்டினார், எதிர்ப்பு இல்லை என்றார். முடிந்தது. வராந்தாவில் அவள் கையைப் பிடிக்கப் போனேன். உனக்காகப் பண்ணலேடி, கோர்ட்டுல வந்து எனக்குப் பொய் சொல்ல வராது என்று கையை இழுத்துக்கொண்டாள். முட்டி வலி இருக்கிறது அவளுக்கு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் மேலேயே நின்றேன். கூட இறங்கியிருக்கலாம். ஆட்டோ போகும் சத்தம் கேட்கும்வரை நின்றேன்.

வேலை கிடைத்திருக்கிறது. அடையாறில் அஃப்சருன்னிசா என்று ஒரு அம்மா உடை வாடகைக் கடை வைத்திருக்கிறார், நம் சாமான்களில் பாதிக்கு மேல் ஏலத்தில் எடுத்தவர். வாங்கம்மா, மூட்டை மூட்டையா கெடக்குது, எந்த ஜடைக்கு எந்தக் குஞ்சலம்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல என்றார். மாதச் சம்பளம். நம் பொருட்களை நானே எடுத்துக் கொடுக்கிறேன், நானே திரும்ப வாங்கி வைக்கிறேன். எதுவும் என்னுடையது இல்லை. முதல் நாள் அது என்னவோ போல இருந்தது. இப்போது அதில் ஒரு லேசு இருக்கிறது, தொலைந்தால் பயம் இல்லை என்பதுபோல. ஆனாலும் தொலைக்கவில்லை. புதிதாகக் கணக்கு ஒன்று திறந்தேன். பேங்கில் அந்தப் பையன், நாமினி யார் மேடம் என்றான். உன் பெயரைச் சொன்னேன். உறவு என்றான். மகன் என்றேன்.

நீ எனக்குப் பணம் அனுப்ப வேண்டாம். யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே, உனக்குக் கல்யாணம் ஆனால் அவளையும் போட வைக்காதே. அந்தப் பணத்தில் அங்கேயே ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டு. என் கடன் எதுவும் உன் மேல் ஏறாது, ஸ்ரீரங்கனிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. உத்தரவு போடுமுன் அதிகாரி கடைசியாக ஒரு கேள்வி கேட்டார், எல்லோரிடமும் கேட்பதுதானாம். யார்கிட்டேயிருந்தாவது உங்களுக்கு வர வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கா அம்மா என்றார். பிரமாணம் எடுத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு நிமிஷம் வாய் திறக்கவில்லை. ஸ்ரீரங்கன் பயந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தார். இல்லை சார் என்றேன். எழுதிக்கொண்டார்கள். அது பொய்யோ என்று ரயிலில் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். கோர்ட்டில் சொல்கிற பாக்கி இல்லை அது, அதனால் இங்கே எழுதுகிறேன். கோபம் இருந்தால் கோபமாகவே பேசு. நான் கத்த மாட்டேன்.

அப்பாவின் திதி மாசியில் வருகிறது, நாள் பார்த்து எழுதுகிறேன், அங்கே செய்துவைக்க யாரும் இல்லாவிட்டால் அன்றைக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைத்து, காக்கை இல்லாத ஊரானாலும் ஒரு பிடி வெளியே வை. பனியில் காதை மூடிக்கொள். தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இரு.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அம்மா
விசாலாக்ஷி